வாசற்படிக்கு வெளியே ஒரு பெயர்

பாட்டியை மருமகள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள் என்பது வடிகட்டின பொய். அதை முதலில் ஓரமாக வைத்துவிட்டு மேலே பேசலாம். மூன்றாவது மாடியில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு கதை. ஒரு வீட்டில், மருமகள் சோறு போடவில்லை என்கிறார்கள். அடுத்த வீட்டில், மகன் கை ஓங்கினான் என்கிறார்கள். கடைசி வீட்டில், பாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது, பாவம், விடிவதற்கு முன்னால் கைப்பிடிச் சுவரோடு பேசிக்கொண்டிருப்பாள் என்கிறார்கள். "நெருப்பில்லாம புகையுமா?" என்று வேறு கேட்கிறார்கள். புகையாதுதான். ஆனால் அடுப்பு யாருடையது, ஊதினது யார் என்று பார்த்துவிட்டல்லவா பேச வேண்டும்?

ஊதினது எதிர்வீட்டுக்காரி. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யாரோ, வாயில் சர்க்கரை போட வேண்டும். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் படுக்கிறவரைக்கும் ஓடும். திருகி அணைக்கக் குமிழ் மட்டும் கிடையாது. கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்கிறவளும் அவள்தான். கண்ணில் பட்டதை வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியாத பிறவி, அவ்வளவுதான்.

அவள் கண்ணில் பட்டதும் பொய் இல்லை. பாட்டி தினமும் விடியலில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றாள். மழை என்றால் குடையோடு நின்றாள், குளிர் என்றால் போர்வையோடு நின்றாள். உதடு அசைந்தது. பிறகு உள்ளே போனாள். எதற்கு நின்றாள் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்டிருந்தாலும் பாட்டி சொல்லியிருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

பாட்டி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. கைநாட்டு வைத்து வேலைக்குச் சேர்ந்தாள், கைநாட்டு வைத்தே ஓய்வு பெற்றாள். ஆனால் ஒரு நாளைக்கு எழுநூறு படுக்கை விரிப்பு அவள் கை வழியாகப் போகும். ஈரமாக வருவதை நீராவி உருளைக்குள் கொடுத்தால் அந்தப் பக்கம் அட்டைபோல விறைத்துக்கொண்டு வரும். அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, பின்னால் போய், மறுபடியும் நடந்து வந்து சேர வேண்டும். இருபத்தாறு வருஷமும் அந்த முனையில் நின்றவள் ஒருத்தியே. பாட்டி அவளை 'எதிர்முனை' என்றுதான் கூப்பிடுவாள்.

"என் வீட்டுக்காரர் முகத்தைவிட உன் முகத்தைத்தான்டி அதிகம் பார்த்திருக்கேன்" என்பாள் பாட்டி.

"அதான் உனக்குச் சீக்கிரமே கண்ணாடி போட வேண்டியதாயிடுச்சு" என்பாள் எதிர்முனை.

எழுத்துத் தெரியாததால் மூட்டைகளுக்குப் பாட்டி தானே ஓர் அடையாளம் வைத்திருந்தாள். மூட்டைத் துணியின் மூலையில் நூல் தையல். அறுவை சிகிச்சை வார்டுக்குச் சிவப்பு இரண்டு, பிரசவ வார்டுக்குப் பச்சை மூன்று, குழந்தைகள் வார்டுக்கு மஞ்சள் ஒன்று. படித்த சூப்பர்வைசர்கூடச் சீட்டை விட்டுவிட்டு நூலைப் பார்க்கப் பழகிக்கொண்டார். ஒரே ஒரு தடவை தையல் பிரிந்த மூட்டை ஒன்று வண்டியில் ஏறிவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றியது. கடைசியில் பச்சைக் குழந்தைகளுக்குப் போக வேண்டிய போர்வை, சமையல்கூடத்தில் உருளைக்கிழங்கை மூடிக்கொண்டு கிடந்தது. அடையாளம் இல்லாத மூட்டை எங்கேயும் போய்ச் சேராது என்று அன்றைக்குப் பாட்டி மனதில் ஆணி அடித்துக்கொண்டாள்.

அவளுடைய பக்தியும் சலவைக்கூடத்துப் பக்திதான். வாரத்துக்கு ஒரு நாள் கோயில். தினமும் விடியலில் சமையலறை ஜன்னல். முகம் கழுவி, தலைமேல் துணியைப் போட்டுக்கொண்டு நிற்பாள். பாட்டுத் தெரியாது, படித்துச் சொல்லப் புத்தகமும் கிடையாது. அதனால் பெயர்களைச் சொல்வாள். வீட்டில் உள்ளவர்கள், செத்தவர்கள், வேலைக்கூடத்தில் இருந்தவர்கள் என்று ஒவ்வொருத்தர் பெயராக வாய்விட்டுச் சொல்லி, அவரவர் தேவையையும் சொல்வாள். மளிகைக் கடைக்காரரிடம் சாமான் சொல்வதுபோல இருக்கும்.

"பெரியவனுக்கு முதுகுவலி, லிஃப்டுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு வேலை செய்யறான், பார்த்துக்கோ. மருமகளுக்குக் கோபத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணு. ரொம்பப் பண்ணிடாதே, அப்புறம் இவனை அதட்ட ஆளில்லாமப் போயிடும். பேத்திக்குக் கணக்கு வரணும். எதிர்முனைக்கு முட்டி வலி. எதிர்வீட்டுக்காரிக்குத் தொண்டை கட்டியிருக்கு, அது ரெண்டு நாள் அப்படியே இருந்தாலும் பரவாயில்லே, உன் இஷ்டம்."

பேத்தி ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டே கேட்டாள்: "பாட்டி, மனசுக்குள்ள சொன்னா சாமிக்குக் கேக்காதா?"

"கேக்கும்டி. ஆனா அவருக்கு எத்தனை வார்டு. நூல் கட்டாம மூட்டையை அனுப்பிட்டு, வந்து சேரலேன்னு அவர்மேல பழி போடக்கூடாது."

இந்தப் பெயர் வரிசையில் ஒரு பெயரை மட்டும் சமையலறை ஜன்னலில் சொல்ல மாட்டாள். மற்றதெல்லாம் முடிந்த பிறகு, கதவைத் திறந்து, வாசற்படியைத் தாண்டி, வெளியே நின்று சொல்வாள். அது சின்ன மகன் பெயர். பதினோரு வருஷமாக அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

பாட்டிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். சிறுவயதில் இரண்டும் பூனையும் நாயும்தான். அடித்துக்கொண்டால் பாட்டி திட்ட மாட்டாள். துவைத்த பெரிய விரிப்பை வாளியிலிருந்து தூக்கி ஆளுக்கொரு முனையைக் கையில் கொடுப்பாள். "முறுக்குங்கடா. இவன் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். ரெண்டு பேரும் ஒரே பக்கம் முறுக்கினா சொட்டுத் தண்ணி இறங்காது. சண்டை போடறவங்களுக்குன்னே படைச்ச வேலை இது." முறுக்கிப் பிழிந்து முடிப்பதற்குள் கை வலித்துச் சிரித்துவிடுவார்கள். பெரியவன் வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அது அவன் தலையெழுத்து. சின்னவன் ரொட்டித் தொழிற்சாலையில் வேன் ஓட்டினான்.

தாத்தா பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஒரே ரூட்: சந்தையிலிருந்து மலையடிவாரம் வரைக்கும். ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷம் இதயம் படுத்துவிட்டது. படி இறங்கக் கூடாது என்றார் டாக்டர். பெரியவன் இரண்டு மாதம் அலையாய் அலைந்து, காலைப் பிடித்து, கையைப் பிடித்து, அறுவை சிகிச்சைக்கு ஒரு தேதி வாங்கினான். வியாழக்கிழமை.

அந்தத் திங்கட்கிழமை தாத்தா பாட்டியிடம் சொன்னார்: "ஒரே ஒரு தடவை அந்த ரூட்ல போகணும்."

"ஆபரேஷன் முடிஞ்சு போலாம்."

"ஓட்ட வேண்டாம். பக்கத்து சீட்டுல உக்காந்து வரேன். முப்பது வருஷம் ரோட்டை மட்டுமே பார்த்தேன். ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு ஒரு நாள்கூடத் திரும்பிப் பாக்கலே."

"பேசாம படுங்க."

அவர் பேசாமல்தான் படுத்தார். கெஞ்சவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "அந்த டேபிள்ல இருந்து எழுந்து வருவேனான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பெரியவனுக்கு மட்டும் தெரியும்போல" என்றார்.

பாட்டி அன்று மதியம் பீரோவிலிருந்து அவருடைய பழைய சீருடைச் சட்டையை எடுத்தாள். தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, பதம் பார்த்துத் தேய்த்தாள். கைப்பகுதியில் விழுந்த மடிப்பில் பழம் நறுக்கலாம். அப்போது அவள் இன்னும் வேலையில் இருந்தாள்; மாலை முறைக்குப் போனதும் சலவைக்கூடத்துத் தொலைபேசியிலிருந்து சின்னவனைக் கூப்பிட்டாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வேனைக் கொண்டு வா. அண்ணன் வேலைக்குப் போயிருப்பான்."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, பின்பக்கம் சின்னவன் பிடிக்க, முன்பக்கம் பாட்டி பிடிக்க, மூன்று மாடி இறக்கினார்கள். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். மூன்று வயதுப் பேத்தி காப்பகத்தில் இருந்தாள். ரேடியோ அப்போது இந்தக் கட்டடத்துக்குக் குடிவரவில்லை. வந்திருந்தால் இவ்வளவு பேச வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

வேன் கதவைச் சாத்தும்போது தாத்தா சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வழியெல்லாம் ஜன்னலை இறக்கிவைத்துக்கொண்டு, அந்தக் கடை, இந்த மரம், ஒரு குளம் இருந்ததே எங்கே என்று பேசிக்கொண்டே போனாராம். கடைசி நிறுத்தத்துக்கு முந்தின திருப்பத்தில், "மேடு வருது, ரெண்டுல போடு" என்றாராம். சின்னவன் கியரை மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தார். உயிர் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பெரியவன் கிரீஸ் படிந்த கையோடு ஓடிவந்தான். "யார் கூட்டிட்டுப் போனது? யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போனே?" என்றான். பாட்டி வாயைத் திறப்பதற்குள் சின்னவன், "நான்தான், யாரையும் கேக்கலே" என்றான். சொல்லிவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் பாட்டியின் வாய் ஒட்டிக்கொண்டது.

பத்து நாள் கழித்துப் பெரியவன் கூடத்தில் நின்று சொன்னான்: "இந்த வீட்டுக்குள்ள இனிமே அவன் பேரை யாரும் சொல்லக் கூடாது. சொல்றவங்க அவன்கூடவே போயிடலாம்." பாட்டியைப் பார்த்து, "அம்மா?" என்றான். பாட்டி "சரி" என்றாள்.

இதற்குத்தான் அவளைக் குறை சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். அவளே தினமும் சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் சின்னவன் ரொட்டி வேனை ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நிறுத்தினான். பாட்டி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "நான் சொல்லிடறேன்டா" என்றாள்.

"சொன்னா உன்னையும் அனுப்பிடுவான். நான் ரொட்டிக் கடை மாடியில ஒத்தை ரூம்ல இருக்கேன். அந்தக் குழந்தையை விட்டுட்டு நீ இங்க வந்து என்ன பண்ணுவே? விடும்மா. எனக்கு முதுகு அகலம்."

அந்தக் குழந்தையைச் சொன்னதும் பாட்டி அடங்கிவிட்டாள். பேத்தி இரவு அவள் வயிற்றில் கால் போட்டுத்தான் தூங்குவாள். பாட்டி வேலையில் இருந்தவரை மகனைக் கம்பி வழியாகப் பார்த்தாள். ஓய்வு பெற்ற பிறகு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் எதிர்முனை வந்து சேதி சொன்னால் உண்டு. 'நல்லா இருக்கான், முடி நரைச்சிடுச்சு, கல்யாணம் பேச்சை எடுத்தா வேனை ஸ்டார்ட் பண்ணிடறான்.'

கொடுத்த வாக்கைப் பாட்டி மீறவில்லை. வீட்டுக்குள் சொல்லக் கூடாது என்றான். சரி, வீடு வாசற்படியோடு முடிகிறது. படிக்கு வெளியே அவன் அதிகாரம் செல்லாது. பெயரைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளை உருளைக்கிழங்கு மூட்டைமேல் கிடக்க வேண்டியதுதான். ஆக, தினமும் ஒரு பெயருக்காகப் படி தாண்டினாள். "சாமி, என் பழியைச் சுமக்கறான், முதுகு அகலம்னு வேற சொல்றான், பார்த்துக்கோ." இவ்வளவுதான். கால் நிமிஷம் ஆகாது. பேத்தி மட்டும் ஒரு தடவை, "அப்பாவை ஏன் பெரியவன்னு கூப்பிடறே? வீட்ல வேற யாருமே இல்லியே" என்று கேட்டாள். பாட்டி அடுப்பைக் குறைக்கப் போய்விட்டாள்.

இப்படியே போயிருக்கும். தாழ்ப்பாள்தான் கெடுத்தது. பக்கத்துத் தெருவில் திருட்டு என்று சொல்லி, பெரியவன் கதவுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினான். இரண்டாம் நாள் விடியலில் பாட்டி வெளியே நின்றபோது காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே இருந்தது. தட்டினால் பேத்தி எழுந்துவிடுவாள், அன்றைக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை, ராத்திரி வெகுநேரம் படித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். பாட்டி தட்டவில்லை. குழாயடியில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

ரேடியோ பால் எடுக்க வந்தாள்.

"என்ன பாட்டி, இங்க உக்காந்திருக்கீங்க?"

"காத்து வாங்கறேன்."

"இந்தக் குளிர்லயா?"

"வேணும்னா உனக்கும் கொஞ்சம் தரேன், வாங்கிக்கோ."

"கதவு உள்ள பூட்டியிருக்கே?"

"ஆமா. கதவுன்னா பூட்டத்தானே செய்யும்."

போதாதா? அன்று மாலைக்குள் நான்கு மாடிக்கும் சேதி போய்விட்டது. மருமகள் விடியலில் கிழவியை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிக்கொள்கிறாள், தினமும் நடக்கிறது, பல வருஷமாக நடக்கிறது, கிழவி வாய் திறக்காமல் தாங்கிக்கொள்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மருமகள் மருந்துக் கடையில் நிற்கிறவள். அடுத்த வாரம் ஒரு அம்மாள் சீட்டை நீட்டிக்கொண்டே, பத்துப் பேர் கேட்க, "ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கறே, மாமியாருக்கு வீட்டுக்குள்ள ஒரு இடம் குடுக்கக் கூடாதா?" என்றாள். மருமகள் மருந்தைக் கொடுத்து அனுப்பினாள். வீட்டுக்கு வந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

"அத்தை, நான் உங்களை என்னிக்காவது வெளியே போன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்லேம்மா."

"அப்புறம் ஏன் அத்தை அங்க போய் நிக்கறீங்க?"

பாட்டி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இந்த மருமகள்தான் பாட்டிக்கு மாரடைப்போ என்று பயந்த ஒரு நாள், மூன்று மாடியும் முதுகில் சுமந்து இறக்கினவள். கோபக்காரிதான். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டடச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். செயலாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, பெரியவங்களை வெச்சுக் காப்பாத்தறது நம்ம எல்லாருக்கும் உள்ள கடமை" என்று ஆரம்பித்தார். பெரியவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"நீ அம்மாவை ஏதாவது சொன்னியா?"

மருமகளின் முகம் போன போக்கைப் பாட்டி பார்த்தாள். சொந்தப் புருஷனே கேட்டுவிட்டானே என்று வெளுத்துப்போன முகம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதேபோல ஒரு முகத்தைப் பாட்டி பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். ஒருத்தன் தலையில் பாரத்தை ஏற்றியாகிவிட்டது, இப்போது இன்னொருத்தி தலையிலும் ஏறுகிறது.

"அவளைக் கேக்காதேடா. என்னைக் கேளு" என்றாள்.

"சரி, நீயே சொல்லு. வெளியே போய் என்ன பண்றே?"

"உன் தம்பி பேரைச் சொல்றேன்."

மூலையில் படித்துக்கொண்டிருந்த பேத்தி புத்தகத்தை மூடினாள்.

"வீட்டுக்குள்ள சொல்லாதேன்னே. இதுவரைக்கும் சொல்லலே. வெளியே சொல்லாதேன்னு நீ சொல்லலே."

"அம்மா, அவன் பண்ணின காரியத்துக்கு..."

"நாற்காலியில வெச்சுத்தான் அப்பாவை இறக்கினோம். பின்பக்கம் அவன் பிடிச்சான். முன்பக்கம் யார் பிடிச்சாங்கன்னு கேளு."

பெரியவன் கேட்கவில்லை.

"நான்தான் பிடிச்சேன். வேனை வரச்சொன்னதும் நான்தான். அவன் வேண்டாம்மான்னுதான் சொன்னான், நான்தான் கேக்கலே. அந்தச் சட்டையைத்..."

"தெரியும்" என்றான் பெரியவன்.

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பாட்டி உட்காரவில்லை.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில மூடியிருந்த துணியை விலக்கினேன். சட்டைக் கையில மடிப்பு. அப்படி ஒரு மடிப்பு எடுக்க இந்த ஊர்ல வேற ஆளில்லே."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

"தெரிஞ்சும் ஏன்டா அவனை..."

பெரியவன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ் கோடுகள்.

"ரெண்டு மாசம் அலைஞ்சேன்மா. வியாழக்கிழமை வரைக்கும் வெச்சிருந்தா பிழைச்சிருப்பார். எனக்குக் கோபம் தாங்கலே. உன்மேல கோபப்பட்டா, அப்புறம் நான் எங்க போறது?"

குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"பிழைச்சிருக்கலாம்" என்றாள் பாட்டி கடைசியில். "பிழைக்காமலும் போயிருக்கலாம். தினமும் சாமிகிட்ட கேக்கறேன், அவரும் வாயைத் திறக்கலே. ஆனா பாரு, நான் வாயை மூடிக்கிட்டேன், நீ கண்ணை மூடிக்கிட்டே. ரெண்டு பேருமா சேர்ந்து அவன் முதுகுல ஏத்திட்டோம்."

கொஞ்சம் பொறுத்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "இப்ப அந்தப் பேரை உள்ளே சொல்லலாமா?"

பெரியவன் தரையைப் பார்த்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பதினோரு வருஷமாகப் பூட்டிக்கிடந்த வாய், ஒரே காலையில் எப்படித் திறக்கும்? பாட்டிக்கு அது புரிந்தது. அவள் பெற்ற பிள்ளைதானே, பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாதா?

"உனக்கு அவசரம் இல்லே, மெதுவா யோசி" என்றாள். "எனக்கு வயசாச்சு. நான் செவ்வாய்க்கிழமை அவன்கிட்ட போறேன். அவன் முதுகுல இருந்து என் பங்கை நான்தான் இறக்கிவைக்கணும். அதை இங்க நின்னுக்கிட்டு செய்ய முடியாது."

"அத்தை, கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்" என்றாள் மருமகள்.

"கோவம் என்னடி கோவம். நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாரு. அவன் ரூம் எப்படியும் குப்பையாத்தான் இருக்கும், வரும்போது ஒரு விளக்குமாறு எடுத்துட்டு வா."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கிளம்புவேன் என்றாள். விடியலில் போனால் துரத்திவிட்டார்கள் என்பார்களாம். நல்ல வெளிச்சத்தில், பன்னிரண்டு வீடும் பார்க்க, மருமகள் கையில் பையைக் கொடுத்துப் போனால் ஊர் வாய் அடங்கும் என்பது அவள் கணக்கு. ஊரைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அன்று விடியலில் வழக்கம்போலச் சமையலறை ஜன்னலில் நின்றாள். வெளியே போகவில்லை. "இன்னிக்கு நேர்லயே பார்க்கப்போறேன், நீ சிரமப்படாதே" என்று சாமியிடம் சொன்னாள். பிறகு பெரியவனின் சட்டைகள் எல்லாவற்றையும் தேய்த்து அடுக்கினாள். தன் போர்வையை மடிக்க மருமகளை எதிரே நிற்கவைத்தாள்.

"உதறி இழும்மா. இன்னும் இழு. நடந்து வா. முனை சேரலே பாரு."

"எனக்கு வராது அத்தை."

"இருபத்தாறு வருஷம் பண்ணு, வரும்."

மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அதோடுதான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ரேடியோ சரியாக அந்த நேரம் கதவைத் திறந்தாள். அழுத முகம் கண்ணில் பட்டது, பை பட்டது. எதற்கு அழுதாள் என்பது அந்தக் கதவிலிருந்து தெரியாது.

பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். "எந்த பஸ்ல போவே பாட்டி? உனக்கு நம்பர் படிக்கத் தெரியாதே."

"தாத்தா பஸ்ஸுக்கு நம்பர் எதுக்கு? சந்தையில ஏறினா அது உன் சித்தப்பா ரொட்டிக் கடை வாசல்லயே கொண்டுபோய் இறக்கும். முன் சீட்டுல உக்காந்து ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே போவேன். அவர் பார்க்காம விட்டது ஏதாவது இருந்தா உனக்கு வந்து சொல்றேன்."

பெரியவன் வேலைக்குப் போகவில்லை. கூடத்தில் நின்றிருந்தான். பாட்டி செருப்பை மாட்டும்போது கிட்டே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினான். புதிதாக வெட்டின சாவி, ஓரம்கூட மழுங்கவில்லை. வளையத்தில் சிவப்பு நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான்.

"அந்தத் தாழ்ப்பாள் தானாப் பூட்டிக்கும்" என்றான். "வெச்சுக்கோ."

"சிவப்பு ரெண்டு ஆபரேஷன் வார்டுடா."

"வீட்ல வேற கலர் நூல் இல்லே."

பாட்டி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். படியைத் தாண்டினாள்.

வெளியே, தினமும் நிற்கிற அதே இடத்தில், கால் தானாக நின்றது. ரேடியோ கதவைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாள். மருமகள் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பாட்டி தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அங்கே நின்று அவள் சொல்லும் பெயரைப் பதினோரு வருஷத்தில் சாமியைத் தவிர யாரும் கேட்டதில்லை. இன்றைக்குக் கதவு திறந்திருந்தது, பெரியவன் படிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்.

அவள் இன்றைக்குச் சொன்னது பெரியவன் பெயரை. தொட்டிலில் போட்டு வைத்த முழுப் பெயரை. "முதுகுவலிக்காரன். கொஞ்சம் மெதுவாத்தான் மனசு மாறும். பார்த்துக்கோ."

பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, முட்டியைத் திட்டிக்கொண்டே இறங்கினாள்.